மிடி: யாருடைய கருவி, யாருடைய பட்டியல்?

கைபேசியில் இசை அமைப்பதை விளையாட்டு என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஸ்டுடியோவில் செய்தால் இசை, ஃபோனில் தட்டினால் டைம்பாஸ் என்ற பேச்சை நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளில் அடிக்கடி கேட்கிறோம். வேதனை என்னவென்றால், அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரவெல்லாம் ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கும் அதே பிள்ளைகள்தான். நல்ல பீட் ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு, “சும்மா ஆப்ல பண்ணதுண்ணா” என்று ஃபோனைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒருவன் செய்யும் வேலையை வேலையே இல்லை என்று அவனையே நம்பவைப்பது சாதிச் சமூகத்துக்குப் பழகிப்போன வித்தை. அதனால் அந்தச் “சும்மா”வுக்கு நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது என்று எழுதிவைப்பது அவசியம் என்று எங்களுக்குப் படுகிறது.

அந்த வரலாற்றின் பெயர் மிடி. மியூசிக்கல் இன்ஸ்ட்ரூமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கம். தமிழில் மிடி என்றால் வறுமை என்பது பழைய பாடல்கள் படித்தவர்களுக்குத் தெரியும். தற்செயலாக அமைந்த ஒற்றுமைதான், இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நீங்கள் கேரேஜ்பேண்டிலோ எஃப்எல் ஸ்டுடியோ மொபைலிலோ ஒரு கட்டத்தைத் தட்டும்போது, ரெக்கார்ட் பொத்தான் சிவப்பாக இருந்தால், அங்கே பதிவாவது ஒலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பதிவாவது உங்கள் கை. எந்தக் கட்டத்தைத் தொட்டீர்கள், எந்த நேரத்தில் தொட்டீர்கள், எவ்வளவு வேகமாக அடித்தீர்கள், எப்போது கையை எடுத்தீர்கள் என்ற எண்கள் மட்டும் சேமிக்கப்படுகின்றன. பியானோவின் நடு ஸ்வரத்துக்கு எண் 60. அடியின் வலுவுக்கு 1 முதல் 127 வரை எண். கையை எடுத்ததற்குத் தனியாக ஒரு செய்தி. ஒரு அடியைச் சொல்ல மூன்று பைட் போதும். அந்த எண்களைப் படித்து எந்த ஒலியை எழுப்புவது என்பது பிறகு எடுக்கிற முடிவு. காலையில் பியானோவாகக் கேட்டதை மாலையில் புல்லாங்குழலாக மாற்றலாம், வேகத்தைக் கூட்டலாம், தவறான ஒரு அடியை மட்டும் விரலால் நகர்த்திச் சரி செய்யலாம். சிடி தரத்தில் ஒலியாகப் பதிவு செய்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி ஆகும். அதே ஒரு நிமிட வாசிப்பை மிடியாக வைத்தால் சில கேபி. டேட்டா பேக்கை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. ஆனால் இரண்டு பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ காகேஹாஷி 1930இல் ஒசாகாவில் பிறந்தவர். இரண்டு வயதில் காசநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார். பதினாறு வயதில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்தார். பிறகு அவரையும் காசநோய் பிடித்தது. மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர், அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்துப் பார்த்த நோயாளிகளில் ஒருவராக இருந்து பிழைத்தார். இன்னொருவர் கலிஃபோர்னியாவின் டேவ் ஸ்மித். சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்திய பொறியாளர்.

அந்தக் காலத்தில் ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கீபோர்டோடு பேசாது. ஒவ்வொருவரும் தனித்தனி இணைப்பு வைத்திருந்தார்கள். ஒரே கம்பெனியின் பொருள்களையே வாங்கிக்கொண்டு போக வசதி இருந்தவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. 1981இல் ஸ்மித்தும் அவருடன் வேலை செய்த செட் வுட்டும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான இணைப்பு ஒன்றை முன்மொழிந்து கட்டுரை படித்தார்கள். காகேஹாஷியும் அதே நேரத்தில் அதே யோசனையில் இருந்தார். பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய் ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்துகொண்டன. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் ப்ராஃபெட் 600ஐயும் ரோலண்டின் ஜூப்பிட்டர் 6ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் இன்னொன்று ஒலித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மிடி 1.0 விதிமுறை வெளியானது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த விதிமுறையைப் பயன்படுத்த யாரும் யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை என்று அவர்கள் முடிவெடுத்தது. தர்மச் சிந்தனை என்று இதை நாங்கள் கொண்டாட மாட்டோம். எல்லாக் கருவியும் எல்லாக் கருவியோடும் பேசினால் எல்லாருக்கும் விற்பனை கூடும் என்ற கணக்கு அதில் தெளிவாகவே இருந்தது. ஆனால் அதே கணக்கில் காப்புரிமை வாங்கி வசூல் செய்திருக்கவும் முடியும். செய்யவில்லை. ஸ்மித்தின் சீக்வென்ஷியல் நிறுவனம் 1987இல் நொடித்து யமஹாவின் கைக்குப் போனது. 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். காகேஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் இறந்தார்கள். இன்று பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ சிறிய செயலிகள் மிடி கோப்பைத் திறக்கின்றன என்றால், அன்று எடுத்த அந்த முடிவுதான் காரணம்.

மிடி வந்த வேகத்தில் அது இல்லாத கருவிகள் எல்லாம் பழசாகிப்போயின. ரோலண்டின் டிஆர் 808 டிரம் மெஷின் 1980இல் வந்தது. டிபி 303 என்ற பேஸ் கருவி அதற்கு அடுத்து வந்தது. நிஜ டிரம்ஸ் போலவும் நிஜ பேஸ் கிட்டார் போலவும் ஒலிக்கவில்லை என்று சந்தை இரண்டையும் ஒதுக்கியது. சில ஆண்டுகளில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 1983இல் வந்த டிஆர் 909இல் மிடி இருந்தது, ஆனாலும் அதுவும் அதிக நாள் ஓடவில்லை. வசதி படைத்த ஸ்டுடியோக்கள் யமஹா டிஎக்ஸ் 7 பக்கம் போக, இவை பழைய பொருள் கடைகளுக்கு மலிவு விலையில் வந்து சேர்ந்தன.

அவற்றை எடுத்தவர்கள் யார்? சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இருந்த கறுப்பின இளைஞர்கள். டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளித் தோழர்கள் அந்த மெஷின்களை வைத்து உருவாக்கியதுதான் டெக்னோ. சிகாகோவில் ஃப்ரான்கி நக்கில்ஸ் என்ற கறுப்பின டிஜே நடத்திய இரவுகளிலிருந்து ஹவுஸ் இசை பிறந்தது. அங்கே ஆடவந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன், தன்பாலீர்ப்பு இளைஞர்கள். நக்கில்ஸுக்கு ஒரு 909ஐ விற்றவர் டெரிக் மே என்பது அந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1987இல் ஃபியூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ வந்தபோது, யாரும் சீண்டாத டிபி 303இன் திருகுகளைத் தாறுமாறாகத் திருப்பிய ஒலியே ஒரு புதிய இசை வகைக்குப் பெயர் கொடுத்தது.

வரலாறு எழுதுபவர்கள் இந்த இடத்தில் “அதிர்ஷ்டவசமாக” என்று ஒரு சொல்லைப் போடுவார்கள். அதிர்ஷ்டம் இதில் எங்கே இருக்கிறது? ஒரு மெஷினின் துடிப்பைக் கேபிள் வழியாக இன்னொரு மெஷினுக்கு அனுப்பி இரண்டையும் ஒரே தாளத்தில் ஓடவிடுவது எப்படி என்று படித்தார்கள். மிடியில் தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் 24 துடிப்புகள் போகும். மிடி இல்லாத பழைய மெஷினை மிடி உள்ள மெஷினோடு ஓடவைக்கத் தனி வழி பிடிக்க வேண்டும். வழிகாட்டியை வாசித்து, கெடுத்து, மறுபடி செய்து கற்ற தொழில் அது. நம்மவர்கள் செய்தால் “பிறவித் திறமை” என்றும் மற்றவர்கள் செய்தால் “உழைப்பு” என்றும் எழுதுகிற வழக்கம் உலகம் முழுக்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மிடியும் சீக்வென்சரும் எல்லாருக்கும் நல்லது செய்யவில்லை. 1982இலேயே பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடைசெய்யக் கோரித் தீர்மானம் போட்டது. சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. நம் ஊரில் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது, கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த ஒரு ஸ்டுடியோவிலிருந்து ஒரு முழுப் படத்தின் இசையும் வரும் என்று நாடே தெரிந்துகொண்டது. இசையமைப்பாளருக்கு அது விடுதலை. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐம்பது பேரோடு உட்கார்ந்து வயலின் வாசித்து அன்றைய சம்பளம் வாங்கிப்போனவருக்கு அது வேறு விஷயம். பம்பாய்த் திரையிசைக் கலைஞர்களின் வாழ்வை கிரெகரி பூத் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார், அங்கும் இதே கதைதான். கருவி யார் கைக்குப் போகிறது என்று கேட்கும்போதே யார் கையிலிருந்து போகிறது என்றும் கேட்டுவிட வேண்டும்.

கைபேசிக்குள் மிடி வந்தது இசைக்காக அல்ல, ரிங்டோனுக்காக. எங்கள் வயதுக்காரர்களுக்கு நோக்கியா ஃபோனில் இருந்த கம்போஸர் நினைவிருக்கும். எண் பொத்தான்களை அழுத்தி ஒவ்வொரு ஸ்வரமாக ஏற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும்தான். நண்பர்கள் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பாட்டுக்கான பொத்தான் வரிசையை எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். யாரும் அதைச் சீக்வென்சிங் என்று சொல்லவில்லை, ஆனால் செய்தது அதைத்தான். அடுத்து வந்த பாலிஃபோனிக் ரிங்டோன்கள் பெரும்பாலும் சிறிய மிடி கோப்புகள். ரீசார்ஜ் கடையில் காசு கொடுத்து ஃபோனில் ஏற்றிக்கொண்ட அந்தச் சினிமாப் பாட்டுகளுக்குள் இருந்தவை வெறும் எண்கள். எழுப்பிய ஒலி ஃபோனுக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் ஒரே பாட்டு ஒவ்வொருவர் ஃபோனிலும் வேறு மாதிரி கேட்டது.

2008இல் ஆப் ஸ்டோர் திறந்ததும் பீட்மேக்கர் போன்ற செயலிகள் வந்தன. 2010 இறுதியில் ஐஃபோனும் ஐபேடும் மிடியை நேரடியாகப் புரிந்துகொள்ளத் தொடங்கின. 2011இல் ஐபேடுக்கு கேரேஜ்பேண்ட் வந்தது, விலை 5 டாலருக்கும் ஒரு சென்ட் குறைவு. அதே ஆண்டு எஃப்எல் ஸ்டுடியோ மொபைலும் வந்தது. 2017இல் கேரேஜ்பேண்டை எல்லா ஆப்பிள் கருவிகளுக்கும் இலவசமாக்கினார்கள். அந்த ஆண்டு கெண்ட்ரிக் லமாரின் ‘டாம்’ இசைத்தொகுப்பு வெளியானது. அதில் ‘பிரைட்’ என்ற பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் காம்ப்டன் நகரின் ஸ்டீவ் லேசி. பதின்வயதைத் தாண்டாத அந்த இளைஞர் தன் ஐஃபோனில், கேரேஜ்பேண்டில், விரலால் திரையைத் தட்டி டிரம்ஸ் போட்டு, சிறிய இணைப்புக் கருவி வழியாகக் கிட்டாரை நேரடியாக ஃபோனில் செருகி வேலை செய்பவர். அடுத்த ஆண்டு அந்தத் தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. “சும்மா ஆப்ல பண்ணது” என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக்காட்டுங்கள்.

ஆனால் லேசியிடம் இருந்தது ஐஃபோன். நம் பிள்ளைகள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. இது சின்ன வித்தியாசம் இல்லை. திரையைத் தொட்டதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் நடுவே இருக்கும் தாமதத்தை லேட்டன்சி என்பார்கள். அது நொடியில் ஆயிரத்தில் இருபது, முப்பது பங்குக்குள் இருந்தால் கைக்குத் தெரியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டியது. அடித்துவிட்டு ஒலிக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஃபோனில் தாளம் தப்பியவரிடம் “உனக்கு டைமிங் இல்லை” என்று சொன்னால் அது அநியாயம். 2015இல் ஆண்ட்ராய்டு 6உடன் மிடிக்கான வழி அதிகாரபூர்வமாகத் திறந்தது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 தாமதத்தைக் குறைக்க வழி செய்தது. விலை குறைந்த ஃபோன்களில் இன்றும் வித்தியாசம் தெரிகிறது. எங்கள் அனுபவத்தில் உதவுவது இவை: ப்ளூடூத் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வயர் ஹெட்செட் போடுங்கள், ப்ளூடூத் தனியாக ஒரு தாமதத்தைச் சேர்க்கும். பின்னால் ஓடும் மற்ற செயலிகளை மூடுங்கள். அப்போதும் சரிவரவில்லையென்றால் தட்டிப் பதிவு செய்வதை விட்டுவிட்டு, பியானோ ரோலைத் திறந்து ஒவ்வொரு அடியாக விரலால் வையுங்கள். அப்படி வைக்கும்போது தாமதம் எதுவும் செய்யாது. மேஜைக் கீபோர்டு யாரிடமாவது இருந்தால் ஒரு ஓடிஜி கேபிள் போட்டு ஃபோனில் இணைத்துப் பாருங்கள். யூஎஸ்பி மிடி உள்ள கீபோர்டாக இருந்தால் பெரும்பாலும் வேலை செய்யும்.

பியானோ ரோல் என்ற பெயருக்கும் ஒரு பழைய கதை உண்டு. நூறாண்டுக்கு முன்பு தானாக வாசிக்கும் பியானோக்களுக்குள் துளையிட்ட காகிதச் சுருளைப் போடுவார்கள். துளை இருக்கும் இடத்தில் ஸ்வரம் ஒலிக்கும். இன்று திரையில் இடமிருந்து வலமாக ஓடும் சிறிய பட்டைகள் அந்தத் துளைகளின் வாரிசுகள். நேரம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நீங்கள் சற்று முன்னே பின்னே அடித்தாலும், குவான்டைஸ் என்ற பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு அடியும் பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்துச் சேர்க்கப்படும்.

அந்தக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1988இல் ஏற்கப்பட்ட மிடி கோப்பு விதிமுறையில், வேகமும் தாளமும் எதுவும் குறிப்பிடாவிட்டால் 4/4 தாளம், நிமிடத்துக்கு 120 அடி என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. பல செயலிகள் திறந்ததும் 4/4இல், ஒரு வரிசைக்குப் பதினாறு கட்டம் என்று நிற்பது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. அதில் தப்பில்லை, ஏதாவது ஒன்றை வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நம் ஊர்த் தெருவில் கேட்கும் அடிகளில் பல மூன்று மூன்றாகப் போகிற நடை. அதைப் பதினாறு கட்டத்துக்குள் தட்டி, குவான்டைஸை அழுத்தினால் நடை செத்துவிடும். கேட்டால் ஏதோ இடிக்கிறது என்று தெரியும், என்னவென்று பிடிபடாது. அப்போதும் பிள்ளைகள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். கையில் கோளாறு இல்லை. தொடங்கும் முன் தாளத்தை 6/8 அல்லது 12/8 என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத செயலியாக இருந்தால் கட்டத்தை டிரிப்லெட் என்று மாற்றுங்கள், அதுவும் இல்லையென்றால் குவான்டைஸைத் தொடாதீர்கள்.

டெட்ராய்ட்டில் வாழ்ந்து 2006இல் இறந்த ஜே டில்லா இந்தக் கட்டத்தோடு விளையாடியவர். எம்பிசி 3000 என்ற மெஷினில் சில அடிகளைக் கட்டத்தில் நிறுத்தி, சிலவற்றைச் சற்றே நகர்த்தி, குடிபோதையில் நடப்பது போலவும் விழாமல் போவது போலவும் ஒரு நடையைக் கொண்டுவந்தார். பிற்பாடு நிஜ டிரம்ஸ் வாசிப்பவர்கள் அந்த மெஷின் நடையைக் கையால் வாசிக்கப் பயிற்சி எடுத்தார்கள். அவர் பயன்படுத்திய எம்பிசி இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இனி பட்டியலுக்கு வருவோம். மிடி எண்ணை மட்டும் அனுப்பும் என்று சொன்னோம். எந்த எண்ணுக்கு எந்தக் கருவி? இதில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியில் போனதால் 1991இல் ஜெனரல் மிடி என்ற பொதுப்பட்டியலைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 128 ஒலிகள். 1 பெரிய பியானோ. 105 சிதார். 112 ஷெனாய். ஜப்பானின் கோட்டோவும் ஷாமிசெனும் டைகோ முரசும் உண்டு. ஆப்பிரிக்காவின் கலிம்பா உண்டு. ஸ்காட்லாந்தின் பேக்பைப் உண்டு. 124 பறவைக் கீச்சு, 125 தொலைபேசி மணி, 126 ஹெலிகாப்டர், 128 துப்பாக்கிச் சத்தம். தாள வாத்தியங்களுக்கு 10ஆம் சேனலை ஒதுக்கி, 35 முதல் 81 வரை 47 ஒலிகள் வைத்தார்கள். போங்கோ, கோங்கா, மராக்காஸ், குயீக்கா எல்லாம் அதில் இருக்கின்றன. பறை இல்லை. தவில் இல்லை, உறுமி இல்லை. தபேலாவும் மிருதங்கமும்கூட இல்லை. ஒரு நாட்டின் இசை முழுவதற்கும் சிதார் ஒன்று, ஷெனாய் ஒன்று. ஹெலிகாப்டருக்கு ஒன்று.

இதைச் சதி என்று சொல்ல மாட்டோம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கீபோர்டு விற்றவர்கள், தங்கள் சந்தையில் எதைக் கேட்பார்கள் என்று பார்த்துப் போட்ட பட்டியல் அது. எங்களை உறுத்துவது வேறு கேள்வி. இதே பட்டியலை 1991இல் சென்னையில் உட்கார்ந்து போட்டிருந்தால் மிருதங்கமும் வீணையும் கட்டாயம் இடம்பிடித்திருக்கும். பறை வந்திருக்குமா? எந்த சபாவில், எந்தக் குழுவில், யார் அதை முன்மொழிந்திருப்பார்கள்? இன்றும் பல செயலிகளில் “இந்தியன்” என்ற தலைப்பைத் திறந்தால் தபேலாவும் சிதாரும்தான் வருகின்றன. அதற்கு டோக்கியோவையோ கலிஃபோர்னியாவையோ மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, இந்தியாவின் இசை எது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பறைக்குப் பின்னால் இருக்கும் வலியை இதைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்தது ஒரு போராட்டம். எங்கள் கலை இது என்று மேடையேற்றியது இன்னொரு போராட்டம். இரண்டும் நம்முடையவைதான். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது, கானாவும் ராப்பும் தெரு வாத்தியங்களும் ஒரே மேடையில் ஒலித்ததைக் கேட்ட பிள்ளைகளில் பலர்தான் இன்று ஃபோனில் பீட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலரோடு சேர்ந்து நாங்கள் செய்துபார்த்ததைச் சொல்கிறோம்.

பட்டியலில் இல்லாத கருவியை நாமே ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு சாம்ப்ளர் என்று பெயர். கேரேஜ்பேண்டில் இருக்கிறது. கோலா சாம்ப்ளர் போன்ற தனிச் செயலிகளும் இருக்கின்றன. பறையை நெருப்பில் காய்ச்சி, தோல் நன்றாக ஏறிய உடனே பதிவு செய்ய வேண்டும். ஆறினால் ஒலி இறங்கிவிடும், முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் பொருந்தாது. சிமெண்ட் அறைக்குள் அடித்தால் எதிரொலி கலக்கும், திறந்த வெளியில் அடிப்பது நல்லது. ஃபோனை ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் மைக் தாங்காமல் ஒலி உடையும். தடித்த அடிக்குச்சி மட்டும், மெலிந்த சிண்டுக்குச்சி மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று அடிப்படை அடிகள். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று வலுவில் எடுத்தால் ஒன்பது ஒலிகள். ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி ஒன்பது கட்டங்களில் ஏற்றினால் ஃபோனில் பறை தயார். அதற்குப் பிறகு வழக்கம்போல ரெக்கார்ட் பொத்தானை அழுத்தித் தட்டலாம், பியானோ ரோலில் நகர்த்தலாம், கீழே பேஸ் போடலாம்.

இது பறை ஆகிவிடுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆகாது. பத்துப் பேர் வட்டமாக நின்று, கால் மாற்றி ஆடிக்கொண்டே அடிக்கும்போது ஒருவர் அடி இன்னொருவர் அடியில் மோதி எழும் சத்தம் 127 படிக்குள் அடங்காது. குச்சியைத் தோலிலேயே அழுத்திவைத்து ஒலியை அடக்கும் நுணுக்கமும் இதில் பாதிதான் வரும். 2020இல் வந்த மிடி 2.0இல் அடியின் வலுவுக்கு 65,536 படிகள் உண்டு என்றாலும், தட்டுகிற கண்ணாடித் திரைக்கு அவ்வளவு உணர்ச்சி கிடையாது. நிஜப் பறையடிப்பவருக்குப் பதிலாக இதை வைத்து அவர் கூலியை மிச்சம் பிடிக்க யாராவது நினைத்தால், கோடம்பாக்கத்து வயலின்காரருக்கு நடந்ததுதான் இங்கும் நடக்கும். எங்கள் பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். பாட்டு இறுதியாகும்போது அந்த இடத்துக்கு ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள், ஃபோன் பறை திட்டம் போடுவதற்கு.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. மிடி கோப்புக்குள் ஸ்வரங்களைத் தவிர எழுத்துக்கும் இடம் உண்டு. 1988 விதிமுறையிலேயே உரிமையாளர் விவரத்துக்கு ஒரு இடமும் டிராக்கின் பெயருக்கு ஒரு இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். நாட்டுப்புற இசை என்று சொல்லி, அடித்தவர் பெயரே இல்லாமல் எத்தனை பாட்டுகளில் நம் அடிகள் போயிருக்கின்றன என்று நமக்குத் தெரியும். உரிமையாளர் விவரத்தைக் கைபேசிச் செயலிகளில் நிரப்புவது எளிதாக இல்லை, ஆனால் டிராக்கின் பெயரை ஏறக்குறைய எல்லாவற்றிலும் மாற்றலாம். செயலியின் சொந்தக் கோப்பை அந்தச் செயலி மட்டும்தான் திறக்கும், அது நாளைக்குக் கடையிலிருந்து காணாமல் போனால் உங்கள் பாட்டும் போகும். அதனால் வசதி உள்ள செயலியில் மிடி கோப்பாகவும் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து, கூடவே ஒன்பது ஒலிகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துவையுங்கள். எங்களிடம் இருக்கும் கோப்புகளில் “டிரம்ஸ் 1” என்று இருந்ததை எடுத்துவிட்டு, அடித்தவர் பெயர், ஊர், அடியின் பெயர், தேதி என்று போட்டிருக்கிறோம்.

அடுத்து உறுமியை எடுத்திருக்கிறோம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும்போது ஒலி கீழிருந்து மேலே ஏறுகிறது. அதைத் தட்டும் கட்டமாக வைத்தால் பாதியில் வெட்டுகிறது. பிட்ச் பெண்ட் சக்கரத்தால் ஏற்றிப் பார்த்தோம், மோட்டார் வண்டி கியர் மாற்றுவது போல் இருக்கிறது. இதைச் சரியாகச் செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எந்தச் செயலி, எந்த ஃபோன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.